போகிக்கு எரித்த ஓவரால்

ஆயிலை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஃபில்டரை எப்போது கழற்ற வேண்டும் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அது மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் செல்போனிலும் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று எந்த ஊர் ஜெனரேட்டர் ரூமில் நீங்கள் சேர்ந்திருந்தாலும் அதைக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் போதும். வேறொன்றைக் கற்றுக்கொள்ள எனக்கு முக்கால்வாசி சர்வீஸ் போய்விட்டது. உங்கள் மெயின்டனன்ஸ் மேனேஜர், புதிதாக வந்தவர்களுக்காகப் 'பாதுகாப்பு பற்றி இரண்டு பக்கம்' எழுதிக் கொடுங்கள் என்றார். இது இரண்டு பக்கத்தைத் தாண்டும். பாதுகாப்பு இதில் எங்கே வருகிறது என்று அவரே தேடிக்கொள்ளட்டும்.

நான் சொல்லப்போவது கரியைப் பற்றி. நாம் அதைக் கார்பன் என்போம். சைலன்சரில் அடையும், கைரேகைக்குள் புகுந்துகொண்டு எந்தச் சோப்புக்கும் மசியாது. என் கல்யாண ஃபோட்டோவில்கூட நகக்கண் கறுப்பாகத்தான் இருக்கிறது. பெண் வீட்டில் யாரோ, "மாப்ள கைய கழுவிட்டு வரலியா?" என்று கேட்டதை என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

முதலில் ஆம்பூரில் நடந்தது. ஒரு ஷூ ஃபேக்டரியில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. நாளுக்குப் பாதி நேரம் கரண்ட் இல்லாத காலம். ஒரு நாள் காலையில் ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பாதி மெஷின்கள் நின்றிருந்ததால் லோடு கம்மி. ரொம்ப நேரம் சும்மாவே உறுமிக்கொண்டிருந்தது. அப்படிக் குறைந்த லோடில் ஓடினால் சைலன்சரில் கார்பன் சேரும். பிறகு ஒரேயடியாக லோடு ஏறினால் சேர்ந்ததையெல்லாம் வெளியே துப்பும். அன்று துப்பியது. புகைக்குழாய்க்குப் பக்கத்துக் கொட்டகையில் வெள்ளைத் தோல் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது, வெளிநாட்டு ஆர்டருக்கு.

ஓடிப் போய்ப் பார்த்தால் வெள்ளைத் தோல் மேல் பொட்டுப் பொட்டாகக் கரி. யாரும் பார்க்கவில்லை. பாக்கெட்டில் இருந்த துணியை எடுத்து அவசர அவசரமாகத் துடைக்க ஆரம்பித்தேன். பொட்டாக இருந்தது கோடானது, கோடு சாம்பல் நிறத் திட்டானது. நாலாவது தோலில் கை வைத்தபோது பின்னால் ஃபோர்மேன் நின்றிருந்தார். அவர் பெயர் வேண்டாம், குடும்பம் இங்கேதான் இருக்கிறது.

"கைய எடு. இன்னா பண்ற?"

"தொடைக்கறேன் சார்."

"தொடைச்சா தோலுக்குள்ள ஏறிடும். கரிய ஊதணும், தேய்க்கக் கூடாது. ஓடு, ஃபினிஷிங்ல போய்ச் சொல்லு. நம்ம ரூம்ல இருந்துதான் வந்துச்சுன்னு மொதல்ல அதச் சொல்லு. மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்."

போய்ச் சொன்னேன். ஃபினிஷிங் சூப்பர்வைசர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். திட்டிக்கொண்டே ஏர் பைப்போடு இரண்டு பேரை அனுப்பினார். கரி அத்தனையும் ஊதியதில் பறந்துவிட்டது. நான் தேய்த்த நாலு தோல் மட்டும்தான் வீணானது. சாயங்காலம் ஃபோர்மேன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஆக, பாடம் எனக்கு இருபத்தி மூன்று வயதிலேயே முழுசாகக் கிடைத்துவிட்டது. அப்படியிருந்தும் பிறகு ஒருமுறை, உலகத்தின் அடிமட்டத்தில் போய் நின்றுகொண்டு, அதைக் கோட்டை விட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தெரியாமல் செய்த தப்பைச் சொல்ல எல்லாருக்கும் தைரியம் வரும்.

அண்டார்டிகாவில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்கு ஜெனரேட்டர் மெக்கானிக் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் வந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. விளையாட்டாகத்தான் போட்டேன். கூப்பிட்டார்கள், பரீட்சை வைத்தார்கள், உடம்பைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். என் மனைவி, "அங்க இன்னா இருக்குதுன்னு போறீங்க? இந்த ஊர்ல ஜெனரேட்டரே இல்லியா?" என்றாள். நியாயமான கேள்வி. ஆனால் ஆம்பூரின் தோல் நாற்றத்துக்கும் நெடுஞ்சாலை லாரிப் புகைக்கும் நடுவில் வளர்ந்த ஒருவனுக்கு, ஒரு வாசனையுமே இல்லாத ஊர் ஒன்று இருக்கிறது என்றால் பார்க்க ஆசை வராதா? எனக்கு வந்தது. கோடையும் முடித்து, குளிர்காலமும் அங்கேயே தங்குகிற குழுவில் என் பெயரைப் போட்டிருந்தார்கள். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

அந்த இடத்தை எப்படிச் சொல்வது? கப்பலிலிருந்து இறங்கிய முதல் நாள், வெள்ளை என்று நாம் சொல்வதெல்லாம் வெள்ளையே இல்லை என்று தோன்றியது. கோடையில் அங்கே சூரியன் மறையாது, வட்டமடித்துக்கொண்டே இருக்கும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே நின்றால் கண்ணில் தண்ணீர் கொட்டும். இப்போது எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று ஏலகிரிப் பக்கம் பார்க்கும்போதுகூட சில நாள் அந்த வெளிச்சம் ஞாபகம் வந்து மனசு ஒரு மாதிரி ஆகிவிடும்.

அங்கே எனக்கு வாய்த்த தோஸ்த், சமையல்காரர் ரஹீம். நம்ம ஆம்பூர்தான். கத்திரிக்காய் இல்லாத பிரியாணியை அவர் பிரியாணி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். பனிக்கட்டி நாட்டில் கத்திரிக்காய்க்கு எங்கே போவது? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிரியாணி செய்துவிட்டு, "இது பிரியாணி இல்ல, கறி சோறு, சாப்பிடுங்க" என்று மன்னிப்புக் கேட்டுத்தான் பரிமாறுவார்.

இன்னொருவர் வித்யா மேடம். கோயம்புத்தூர்க்காரர், விஞ்ஞானி, முப்பத்தைந்து வயது இருக்கும். பனியில் எவ்வளவு கரி விழுகிறது என்று அளப்பதுதான் அவர் வேலை. மூன்று முறை விண்ணப்பித்து நாலாவது முறைதான் வாய்ப்புக் கிடைத்ததாம். ஊரில் இரண்டு வயதுப் பையனை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். வந்த மறுநாளே நேராக ஜெனரேட்டர் ரூமுக்கு வந்தார்.

"ஏழுமலை அண்ணா, உங்க ஜெனரேட்டர் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லைங்க. ஆனா அதோட புகை எம் பனி மேல விழக் கூடாதுங்க."

நான் சிரித்தேன். "இம்மாம் பெரிய எடத்துல துளி கரி இன்னா மேடம் பண்ணும்?"

அவர் என் பக்கத்தில் ஒரு டூல் பாக்ஸ் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "வெள்ளைப் பனி மேல விழுற வெயில்ல பெரும்பங்கு திரும்பிப் போயிருதுங்க. அதனாலதான் இங்க இவ்வளவு குளிரு. அதுல கொஞ்சம் கரி விழுந்துச்சுன்னா வெயில உள்ள வாங்கிக்கும். சூடாகும், உருகும். தண்ணி வடிஞ்சிரும், கரி மேலயே தங்கிரும். கீழ் அடுக்குல இருக்கற பழைய கரியும் அதோட வந்து சேரும். இன்னும் கறுக்கும், இன்னும் உருகும். கண்ணுக்குத் தெரியற அளவு கூட வேண்டாங்க."

"எங்க ஊரு புகையும் இங்க வந்துடுமா?"

"இங்க வர்றது ரொம்பக் கம்மிங்க. வடதுருவத்துக்குத்தான் ஊர் ஊரா எரிக்கற புகை போய்ச் சேருது. நம்ம பக்கத்துப் புகை இமயமலைப் பனிக்குப் போகுது. இங்க, உலகத்துலயே சுத்தமான பனியில, எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சாத்தான் மத்த எடமெல்லாம் எவ்வளவு கெட்டுப் போயிருக்குன்னு சொல்ல முடியும். நம்ம கரிய நாமளே கொட்டிட்டு அத அளந்துட்டுப் போனா, அத்தனையும் பொய்யாயிருமுங்க."

அதற்காக அவர் ஓர் இடம் பிடித்திருந்தார். அங்கே காற்று எப்போதும் கிழக்கிலிருந்து அடிக்கும். எனவே நிலையத்துக்குக் கிழக்கே, எங்கள் புகை போகவே முடியாத பக்கத்தில், சிவப்புக் கொடிகள் நட்டு ஒரு பாத்தி. அதற்குள் வண்டி போகக் கூடாது, கால் வைக்கக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் அவர் மட்டும் ஒரு பக்கமாகப் போய், முழங்காலிட்டு, கையுறை போட்டுக்கொண்டு மேல் பனியைச் சுரண்டி எடுத்து வருவார். உருக்கி, வெள்ளை வடிதாளில் வடிப்பார். கோடை முழுக்க ஒரு முறைகூட விடாமல் ஒரே இடத்தில் எடுத்த அளவுகளின் வரிசை வேண்டும். அந்த வரிசைதான் அவருடைய ஆராய்ச்சி, அதற்காகத்தான் அவர் பையனை விட்டுவிட்டு வந்தது. ஐந்து வாரம் ஆகியிருந்தது. தாள்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று டப்பாக்களில் அடுக்கி வைத்திருந்தார். எனக்கு ஒவ்வொன்றையும் காட்டுவார், குழந்தையின் ஃபோட்டோவைக் காட்டுவதைப் போல.

ஜனவரி வந்தது. போகி வந்தது.

உங்களுக்குத் தெரியும், நம் பக்கத்தில் போகி என்றால் என்னவென்று. விடிவதற்கு முன்னால் தெருத்தெருவாக நெருப்பு, பழைய பாய், துடைப்பம், கிழிந்த துணி எல்லாம் உள்ளே போகும், பிள்ளைகள் சின்ன மேளத்தைத் தட்டிக்கொண்டு சுற்றுவார்கள். பிறந்ததிலிருந்து எந்தப் போகிக்கும் நான் நெருப்பு போடாமல் இருந்ததில்லை. முந்தின நாள் வீட்டுக்குப் பேசியபோது என் மகள், "அப்பா, இந்த வருஷம் உனக்கு போகி கெடயாது" என்று சிரித்தாள். அது சுருக்கென்று தைத்தது.

திறந்த வெளியில் எதையும் எரிக்கக் கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். பாதியாக வெட்டிய பீப்பாய்க்குள் எரித்தால் அது திறந்த வெளி இல்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் எழுதிக்கொண்டேன்.

காலை ஐந்து மணி. சூரியன் நன்றாக மேலே இருக்கிறது. எல்லாரும் தூங்குகிறார்கள். ரஹீம் மட்டும் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். அவரிடம் உடைந்த மரப்பெட்டி கேட்டேன். "இன்னாத்துக்கு?" என்றார். சொன்னதும் முகமெல்லாம் சிரிப்பு. "எங்க தெருவுலயும் போடுவாங்க தோஸ்த். சின்ன வயசுல நானும் மேளம் அடிச்சிருக்கேன்" என்று இரண்டு பெட்டி எடுத்துக் கொடுத்தார்.

பழசு என்று எரிக்க ஏதாவது வேண்டுமே. இரண்டு வருஷம் உழைத்த நீல ஓவரால் ஒன்று வைத்திருந்தேன், சட்டையும் பேன்ட்டும் ஒன்றாகத் தைத்த வேலை உடுப்பு. டீசலும் ஆயிலும் ஊறி அதுவே பாதி எஞ்சின். அதைப் போட்டேன். மரம் எரிந்தவரை புகை தெரியவில்லை. ஓவரால் பற்றியதும் எழுந்தது பாருங்கள் ஒரு புகை, செங்கல் சூளையில்கூட அப்படிப் பார்த்ததில்லை. நேராக மேலே போயிற்று. காற்று துளியும் இல்லை. பீப்பாயின் ஓரத்தில் ஒரு கரண்டியால் தாளம் தட்டினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், அந்தப் பத்து நிமிஷம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்போதுதான் நிலையத்துக் கொடி கண்ணில் பட்டது. தொங்கிக்கொண்டிருந்த கொடி மெதுவாக எழுந்தது. எழுந்து, வழக்கத்துக்கு மாறாக, கிழக்கே பார்த்து நீண்டது. நான் வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அப்படி நீண்டதில்லை. தலைக்கு மேல் இருந்த புகை சாய்ந்து, தாழ்ந்து, சிவப்புக் கொடிகள் பக்கம் போயிற்று.

மண்வெட்டியால் பனியை அள்ளி அள்ளிக் கொட்டி அணைத்தேன். பிறகு ஓடிப் போய் அந்தப் பாத்தியின் ஓரத்தில் நின்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாததுதான் எனக்குக் கிடைத்த சாக்கு.

ரஹீம் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "சொல்லிடாத. அடுத்த கப்பல்லயே ஏத்தி அனுப்பிடுவாங்க. பத்து நிமிஷப் புகை, காத்துல போயிருக்கும். பேஜார் பண்ணிக்காத." அவர் என் நன்மைக்குத்தான் சொன்னார். நானும் அதைக் கேட்கத்தான் காத்திருந்தேன்.

மறுநாள் பொங்கல். ரஹீம் சர்க்கரைப் பொங்கல் வைத்தார், வடக்கத்திக்காரர்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மத்தியானம் வித்யா மேடம் ஜெனரேட்டர் ரூமுக்கு ஓடி வந்தார், ஓடி வந்தார் என்றால் நிஜமாகவே ஓடித்தான். கையில் ஒரு டப்பா.

"அண்ணா, இதப் பாருங்க!"

ஐந்து ரூபாய் நாணயம் அளவு வடிதாள். மற்ற நாள் தாள்கள் வெள்ளை. இது சாம்பல் பூத்திருந்தது.

"எங்கயோ பெரிய காடு எரிஞ்சிருக்குங்க. வேற கண்டத்துல இருந்து கடல் தாண்டி வந்து விழுந்திருக்கு. அது விழுந்த நேரத்துக்கு நான் இங்க இருந்திருக்கேன் பாருங்க, எவ்வளவு அதிர்ஷ்டம்!"

"அப்டியா மேடம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். என் சர்வீஸில் நான் பேசிய வார்த்தைகளிலேயே கேவலமானது அதுதான். அந்த இடத்தில் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னேன். பிறகு அவர் போனதும் ரொம்ப நேரம் கை கழுவினேன்.

அடுத்த நாள் மாட்டுப் பொங்கல். காலையிலிருந்தே காற்று. தரையோடு தரையாகப் பனியை வாரிக்கொண்டு அடித்தது, பக்கத்துக் கட்டடம் தெரியவில்லை. யாரும் வெளியே போகவில்லை. அதற்கும் அடுத்த நாள் காற்று நின்றது. மேடம் மறுபடி பனி எடுத்து வந்தார். மறுபடி சாம்பல் தாள். அன்று மாலை ஊரில் இருக்கும் தன் பேராசிரியரிடம் சாட்டிலைட் ஃபோனில் பேசப் போவதாகச் சொன்னார். அவரிடம் சொல்லிவிட்டால் அங்கிருந்து இன்னும் பத்துப் பேருக்குப் போகும்.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் மட்டும்தான் இருந்தேன். ரஹீம் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு ரெண்டு நாளா சரியா சாப்பிடல. அந்தக் காகிதத்தையே பாத்துட்டு உக்காந்திருக்குது. நேத்து எங்கிட்ட வந்து, எம் பையன் பெரியவனானதும் இதத்தான் மொதல்ல காட்டுவேன்னு சொல்லுது."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"நான் அன்னைக்கு சொன்னது தப்பு தோஸ்த்" என்றார் ரஹீம். "போ."

போனேன். நின்றுகொண்டே சொன்னேன். காடு எதுவும் எரியல மேடம், எரிஞ்சது என் ஓவரால் என்று. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு நோட்டை எடுத்தார். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், மரம் எவ்வளவு, துணி என்ன துணி, எவ்வளவு டீசல், கொடி எந்தப் பக்கம் திரும்பியது. ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறகு கேட்டார்.

"இது என்னைக்கு நடந்ததுங்க?"

"போகி அன்னைக்கு மேடம்."

"இன்னைக்குக் காணும் பொங்கல்." விரல் விட்டு எண்ணினார். "நாலு நாளுங்க."

என்னைப் பாத்திக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓரத்தில் குனிந்து காட்டினார். ஓவராலின் சாம்பல் துகள் விழுந்த இடத்திலெல்லாம் குண்டூசித் தலை அளவு குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு கறுப்புப் புள்ளி. வெயிலை வாங்கி, சூடாகி, தன்னைச் சுற்றியிருந்த பனியை உருக்கி அது உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. டூல் பாக்ஸ் மேல் உட்கார்ந்து அவர் சொன்ன பாடம் அத்தனையும் என் காலடியில் இருந்தது.

"அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, புகை போன பட்டைய மட்டும் கொடி நட்டு ஒதுக்கியிருப்பேனுங்க. முக்கால்வாசி எடம் தப்பிச்சிருக்கும், வரிசை அறுந்திருக்காது. நடுவுல காத்து அடிச்சு எல்லாத்தையும் கலந்து விட்டிருச்சு. இப்ப எது உங்க கரி, எது வானத்துல இருந்து வந்த கரின்னு நான் எப்படிங்க கண்டுபிடிப்பேன்?"

அவர் அழவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே திரும்பி நடந்தார்.

நிலையத் தலைவர் டில்லிக்காரர். ரொம்பக் கண்டிப்பு. என் பெயரைக் குளிர்காலக் குழுவிலிருந்து அடித்தார், கோடை முடிந்து போகும் கப்பலில் நானும் போக வேண்டும் என்றார். நியாயம்தான். ரஹீம் தானாகவே உள்ளே வந்து, "பெட்டி குடுத்தது நான்தான் சார்" என்றார். அவரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். சமையல்காரரை அனுப்பிவிட்டுக் குளிர்காலம் முழுக்க யார் கையால் சாப்பிடுவது என்று தலைவருக்கும் தெரியாதா?

இன்னும் நாலு வாரம் இருந்தது. வித்யா மேடம் நிலையத்திலிருந்து இரண்டு மணி நேர நடை தூரத்தில் புதுப் பாத்தி போட்டார். அங்கே வண்டி போகக் கூடாது என்பதால் சாமான்களைப் பனியில் சறுக்கும் சின்ன ஸ்லெட்ஜில் வைத்து இழுக்க ஆள் வேண்டும். நான் வரட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். என் ஷிஃப்ட் முடிந்ததும் போவோம். முதல் சில நாள் பேச்சே இல்லை. பிறகு அவர் பையனைப் பற்றி ஒரு வார்த்தை, நான் என் மகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு நாள் ஆம்பூர் பிரியாணிக்கும் கோயம்புத்தூர் பிரியாணிக்கும் பெரிய சண்டையே போட்டோம். என் வாழ்க்கையில் நான் நடந்த நடைகளில் அதைத்தான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன். காலடிச் சத்தம், ஸ்லெட்ஜ் இழுபடும் சத்தம், அதை விட்டால் ஒரு சத்தமும் இல்லாத வெள்ளை வெளி. தண்டனையாக நினைத்துப் போனேன். எந்த விடுமுறையும் எனக்கு அப்படி அமைந்ததில்லை.

கெட்டுப் போன பழைய பாத்தியையும் அவர் விடவில்லை. அளவுகோல் நட்டு, பக்கத்தில் இருந்த சுத்தமான பனியை விட அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். கோடை முடியும்போது கண்ணாலேயே வித்தியாசம் தெரிந்தது. என்னுடைய பத்து நிமிஷம் அந்த இடத்தைப் பள்ளமாக்கியிருந்தது. "இதுவும் ஒரு அளவுதாங்க" என்றார். ஆனால் அவர் தேடி வந்த அளவு அது இல்லை. சினிமாவில் வருகிற மாதிரி என் தப்பு பெரிய கண்டுபிடிப்பாக மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஐந்து வார வரிசை அறுந்தது அறுந்ததுதான்.

திரும்பும் கப்பலில் ஒரு நாள், மேல் தளத்தில் அவர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். பனிக்கட்டிகள் குறைந்து நீலக் கடல் வந்துவிட்டது. நான் டீ கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, மறுபடி எப்போது வருவீர்கள் என்று கேட்டேன்.

"இனி வாய்ப்பில்லைங்க. பையன் ஸ்கூலுக்குப் போகணும். இங்க வர்றதுக்கு வரிசையில என்னையத் தாண்டி நிறையப் பேர் நிக்கறாங்க."

"உங்க வருஷத்தையே கெடுத்துட்டேன் மேடம்."

"ஆமாங்க" என்றார்.

பரவாயில்லை அண்ணா, விடுங்க அண்ணா என்று ஏதாவது சொல்லுவார் என்றுதான் உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன். அவர் சொல்லவில்லை. அந்த 'ஆமாங்க' வலித்தது. ஆனாலும் அவர் எனக்குக் கொடுத்த மரியாதை அது என்று இப்போது நினைக்கிறேன். என்னைச் சமாதானப்படுத்த அவர் பொய் சொல்லவில்லை.

பிறகு நோட்டை என் பக்கம் திருப்பினார். அந்தச் சம்பவத்தை ஒரு பக்கத்தில் எழுதியிருந்தார். "இது என் ரிப்போர்ட்ல போகுதுங்க. உங்க பேரு இல்ல, நிலைய ஊழியர்னுதான் இருக்கு. ஏதாவது தப்பா இருந்தாச் சொல்லுங்க. சரியா இருந்தா கீழ கையெழுத்து வேணும்."

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். தேதி, மணி, மரம், துணி, டீசல், கொடி திரும்பிய திசை. எல்லாம் சரி. கடைசி வரி: ஊழியர் இதை நாலாவது நாள் தெரிவித்தார்.

அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அப்போது அவரிடம் சொன்னேன்.

"மூணாவது நாளே சொல்ல வந்தேன் மேடம். மாட்டுப் பொங்கல் அன்னைக்கு, காத்து அடிச்சிட்டு இருந்துச்சே, அப்ப. உங்க ரூம் கதவு வரைக்கும் வந்தேன். தட்டறதுக்குக் கையக் கூடத் தூக்கிட்டேன். உள்ள நீங்க பாட்டு முணுமுணுத்துட்டு இருந்தீங்க. திரும்பிப் போய்ட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஆனால் பேனாவை என்னிடம் நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

"கதவு வரைக்கும் வந்தது கணக்குல வராதுங்க அண்ணா."

"வராது மேடம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் ரூமிலும் ஒரு நாள் ஏதாவது துப்பும், கொட்டும், எரியும். அன்றைக்குச் சரியான ஆளின் கதவு வரை உங்கள் கால் தானாகப் போகும், அது எனக்குத் தெரியும். தட்டிவிடுங்கள். பயப்படுவதைத் தட்டின பிறகு வைத்துக்கொள்ளலாம்.